சுவரைப் பார்த்த டிவி

பீடி சுற்றக் கண் வேண்டும், பத்து விரலும் வேண்டும். காது மட்டும் சும்மா கிடக்கும். சுமலதாவின் வீட்டில் அந்தக் காதுக்குத்தான் டிவி வைத்திருந்தார்கள்.

அவள் பிறந்தது தெலுங்கு பேசும் மெட்பல்லியில். வாக்கப்பட்டது கோருட்லாவுக்குப் பக்கத்து ஊரில். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், "பொண்ணு பேருக்கு கார்டு இருக்கா?" என்றுதான் கேட்டார்கள். பீடிக் கம்பெனி கார்டு. அது இருந்தால் பி.எஃப். உண்டு, வருஷம் முழுக்க வேலை உண்டு. இருந்தது. நிறத்தைப் பற்றியோ, முன்பல் கொஞ்சம் துருத்தியிருந்ததைப் பற்றியோ அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. சுமலதா இதை வெட்கப்படாமல் சொல்லுவாள். "என்னை எங்க கட்டினாரு? என் கார்டைக் கட்டிக்கிட்டு வந்தாரு. நான் கூட வந்தேன்."

கட்டியவன் கங்காராம். நல்ல மாதிரி. மஸ்கட்டில் கட்டடங்களுக்கு சென்ட்ரிங் அடிக்கப் போனபோது சுமலதாவின் வயிற்றில் லாஸ்யா இருந்தாள். அந்தப் பக்கத்து ஊர்களில் பாதி ஆம்பளைகளுக்கு இதே கதைதான். பிள்ளை பிறந்ததை போனில் பார்த்தான். குப்புற விழுந்ததைப் பார்த்தான், நடந்ததைப் பார்த்தான். தூக்கியதில்லை. தூக்க முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஊருக்குத் திரும்பிய ஒருத்தன் கையில் பெரிய டிவி ஒன்றைக் கொடுத்தனுப்பினான்.

அது வந்த நாளிலிருந்து தெருவின் பீடித் தட்டெல்லாம் சுமலதா வீட்டுக் கூடத்துக்கு இடம் மாறின. எதிர்வீட்டு மல்லிகா வந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். அடுத்த வீட்டிலிருந்து போசவ்வா வந்தாள். போசவ்வா கங்காராமின் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்தபின் பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்துக் கரையேற்றியவள். அவள் பேச்சுக்குத் தெருவில் மறுபேச்சு கிடையாது. கிடையாது என்பதைவிட, மறுபேச்சு பேச அவள் இடம் விடமாட்டாள்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். மடியில் தட்டு, தட்டில் தூள், வெட்டிய இலை, நூல். தலை குனிந்திருக்கும். டிவியில் சீரியல் ஓடும். லாஸ்யா டிவிக்கு முன்னால் நிற்பாள். அப்படியே நிற்பாள். பொம்மைப் படம் ஓடினாலும் சரி, மாமியார் மருமகள் சண்டை ஓடினாலும் சரி, சோப்பு விளம்பரம் ஓடினாலும் சரி.

நிற்கட்டும் என்றுதான் விட்டார்கள். காரணம் இருந்தது. இரண்டு வயசுப் பிள்ளை கூடத்தில் ஓடினால் கை நேராகத் தூளுக்குத்தான் போகும். ஒரு தடவை ஒரு பிடி புகையிலைத் தூளை வாயில் போட்டு, கக்கி, முகம் வெளுத்து, சுமலதாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முன்காலத்தில் இதற்காகவே பிள்ளையைக் கட்டில் காலில் பழைய சேலையால் கட்டிப்போடுவார்கள். போசவ்வாவின் பிள்ளைகள் அப்படி வளர்ந்தவர்கள்தான். இப்போது சேலைக்குப் பதில் டிவி. பிள்ளை அழாது என்பதுதான் வித்தியாசம். கம்பெனி இலை கொடுக்கும், தூள் கொடுக்கும், நூல் கொடுக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கொடுக்காது. ஆள் இல்லாத இடத்தில் டிவிதான் ஆள்.

ஆவணி பிறந்த சமயம், எடை பார்ப்பதற்காக லாஸ்யாவை அங்கன்வாடிக்குத் தூக்கிப் போனாள் சுமலதா. நாகமணி டீச்சர் தராசில் உட்கார வைத்தாள். எடை சரியாகத்தான் இருந்தது. டீச்சர் பின்னால் போய் நின்று, "லாஸ்யா!" என்றாள். பிள்ளை திரும்பவில்லை. "லாஸ்யம்மா! சின்னத் தங்கம்!" அப்போதும் இல்லை. பக்கத்தில் ஒரு பெண்ணின் போனில் ஏதோ விளம்பரப் பாட்டு வந்தது. லாஸ்யாவின் கழுத்து விருட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது.

"என்னென்ன பேசுறா?" என்று கேட்டாள் டீச்சர்.

"எங்க டீச்சரம்மா? ம்ம், ஆ... அவ்வளவுதான். அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்."

"அம்மான்னு கூப்பிடுறாளா?"

சுமலதா தராசின் முள்ளைப் பார்த்தாள்.  ஜகித்யால் ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காதைக் காட்டிவிட்டு வரச் சொன்னாள் டீச்சர்.

காட்டினாள். காதில் ஒன்றுமில்லை. டாக்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டிவி என்று கேட்டார். சுமலதா பொய் சொல்லத் தெரியாதவள். "கரண்ட் இருக்கிற நேரம்" என்றாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்த வயசுல ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்மா. அதுவும் நீங்க பக்கத்துல உக்காந்து, இது நாய், இது பந்துன்னு பேசிக்கிட்டே பாக்கணும். பேச்சு ஆளுங்க வாயிலிருந்துதான் வரும். பெட்டியிலிருந்து வராது. ரெண்டு மூணு மாசம் பாப்போம். அப்பவும் பேசலைன்னா வேற சோதனை பண்ணலாம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணுமாம்! வீட்டுக்கு வந்ததும் போசவ்வாவிடம் கொட்டினாள். "நான் எங்க மதினி டிவியைப் பாக்குறேன்? எனக்கேது கண்ணு? என் கண்ணு ரெண்டும் இலைமேல இல்ல இருக்கு!"

"அந்த டாக்டர் பீடி குடிப்பானா?" என்று கேட்டாள் போசவ்வா.

"எனக்கென்ன தெரியும்?"

"குடிச்சா சொல்லு. அவனுக்கு மட்டும் உள்ள தூள் இல்லாம சுத்தித் தர்றேன்."

சிரித்தார்கள். ஆனால் அன்று ராத்திரி கங்காராம் போனில் சொன்ன சேதி சிரிக்கும்படி இல்லை. தசராவுக்கு லீவு கிடைத்துவிட்டதாம். சந்தோஷமான சேதிதான். ஆனால் அவன் ஒன்று சொன்னான். "சுமா, நான் வாசல்ல வந்து நிக்கும்போது அவ 'பாபு'ன்னு கூப்பிடணும். அது போதும். வேற எதுவும் வேண்டாம்."

அந்தப் பக்கத்தில் அப்பாவை பாபு என்பார்கள். இரண்டே எழுத்து. சுமலதா தினமும் போனில் படத்தைக் காட்டி, "பாபு சொல்லு கண்ணு, பா-பு" என்று மன்றாடுவாள். லாஸ்யா அவள் தோளைத் தாண்டி டிவியைப் பார்ப்பாள்.

மறுநாள் சுமலதா டிவியை அணைத்தாள்.

அன்றைக்குக் கூடம் எழவு வீடு மாதிரி இருந்தது. சீரியல் இல்லாமல் விரல் ஓடவில்லை. மல்லிகா இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். லாஸ்யா டிவியின் கண்ணாடியில் அறைந்து அறைந்து அழுதாள், தரையில் புரண்டாள், மல்லிகாவின் தட்டைக் கவிழ்த்தாள். தூள் பறந்து எல்லாருக்கும் தும்மல். அடுத்த நாள் மல்லிகாவும் மற்ற இருவரும் வரவில்லை. மல்லிகா வீட்டிலேயே சின்ன டிவி ஒன்று இருந்தது. போசவ்வா மட்டும் வந்தாள், அவளும் முறைத்துக்கொண்டே. தனியாக உட்கார்ந்து, அழுகிற பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுமலதாவால் பாதிக் கட்டுக்கூடச் சேர்க்க முடியவில்லை. கொண்டுபோய்ப் போட்டபோது பீடிக்கடை கணக்குப்பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தான். கார்டு தொடர வேண்டுமென்றால் வேலை தொடர வேண்டும். வாரம் முடிவதற்குள் டிவி திரும்ப ஓடியது, போன தட்டுகளும் திரும்பி வந்தன. டிவிமேல் துணி போட்டுப் பார்த்தாள். லாஸ்யா இழுத்துக் கழற்றினாள். அவளுக்கு அதுவும் ஒரு விளையாட்டு ஆனது.

தசராவை ஒட்டி வரும் பதுகம்மாப் பூப்பண்டிகைக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நேரம் வந்தது. காலையில் சுமலதாவும் மல்லிகாவும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். டிவியின் முகத்தில் தெறித்துவிடக் கூடாதென்று, ஸ்டாண்டோடு அதைத் திருப்பி, அடித்து முடித்துக் காய்ந்த மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தார்கள். வேலை முடிய மத்தியானம் ஆனது. அவசரமாக இரண்டு சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு தட்டோடு உட்கார்ந்தார்கள்; மற்ற மூவரும் வந்து சேர்ந்தார்கள். மல்லிகா போகிற போக்கில் கையைப் பின்னால் விட்டு சுவிட்சைப் போட்டாள். சீரியல் ஓடத் தொடங்கியது. எல்லார் தலையும் குனிந்தது.

அந்தச் சீரியலில் பெரிய பங்களா, ஒரு ஜமீன்தார், அவருக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு எது நடந்தாலும், காப்பி ஆறினாலும் கல்யாணம் நின்றாலும், ஒரே வசனம்தான். "நான்னகாரூ!" கடற்கரைப் பக்கத்துப் பெரிய மனுஷர்கள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மூக்கால் இழுத்து இழுத்துச் சொல்லுவாள். அவள் ஒரு தடவை சொன்னால் போசவ்வா தட்டுமேல் குனிந்தபடியே இரண்டு தடவை அதேபோல இழுப்பாள். தெருவே அதில் சிரித்துச் சிரித்துப் பழகியிருந்தது.

"அந்த ஜமீன்தார் மருமகளைப் பாத்தியா?" என்றாள் போசவ்வா. "பூஜைக்குப் பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. என்ன திமிரு!"

"பச்சையா? அது நீலம் அக்கா" என்றாள் மல்லிகா.

"எனக்குக் கண்ணு இல்லையா? பச்சை. கிளிப்பச்சை. சரிகை இத்தனை அகலம்."

"நீலந்தான். நேத்தும் அதையே கட்டியிருந்தா."

"நேத்து கட்டினது மஞ்சள்டி. உன் கண்ணைக் கொண்டுபோய் அடகு வச்சிட்டியா?"

"சுமாக்கா, நீயே சொல்லு. பச்சையா, நீலமா?"

சுமலதா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே தலை நிமிர்ந்தாள். டிவி இருந்த இடத்தில் கறுப்பு முதுகு. நாலு வயர். ஒரு ஸ்டிக்கர். அதன்மேல் ஒரு பல்லி.

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள். தட்டைக் கீழே வைத்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், பேச வரவில்லை. கையை மட்டும் நீட்டினாள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மல்லிகா சாய்ந்தே விழுந்தாள்.

போசவ்வா மட்டும் அசரவில்லை. "அப்பவும் அது பச்சைதான்" என்றாள்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் சுமலதாவுக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது. லாஸ்யா டிவிக்கு முன்னால் இல்லை. முன்னால் என்று ஒன்றே இல்லையே. முற்றத்தில் இலை ஊறப்போட்டிருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் ஓர் இலையை முக்கித் தரையில் அடித்து, முக்கித் தரையில் அடித்து, தன்பாட்டுக்கு ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாளோ தெரியாது.

சுமலதா டிவியைத் திருப்பவில்லை. "அப்படியே இருக்கட்டும்" என்றாள். "நம்மள்ல யாரு அதைப் பாக்குறோம்?"

யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள், பச்சையும் நீலமும் பேசிவிட்டு?

ஆனால் அண்டாத் தண்ணீர் பக்கம் பிள்ளையைத் தனியே விடமுடியாது. கூடத்துக்கு வந்தால் தூள். அதற்கு வழி சொன்னவள் மல்லிகா. இலையை அலசி, நல்லது கெட்டது பிரித்து அடுக்குகிற வேலையை அவரவர் வீட்டில் அவரவர் காலையில் செய்துகொண்டிருந்தார்கள். அதை மத்தியானத்துக்குத் தள்ளி, எல்லார் இலையையும் ஒருத்தியே முற்றத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், பிள்ளையும் அவள் பக்கத்தில் இருக்கட்டும், அந்த நேரத்தில் அவள் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுக்கட்டும். ஒரு நாளைக்கு ஒருத்தி. சும்மா சொல்லிவிட்டாள். ஐந்து பேரும் கை கோத்தால் ஒரு கம்பெனியே கொடுக்காததைக் கொடுக்க முடியும் என்று அவள் அப்போது நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

"நான் ஆயா வேலைக்கு வரலை" என்று போசவ்வா உறுமினாள். உறுமிவிட்டு, "நாளைக்கு என் முறை" என்றும் சொன்னாள்.

நாகமணி டீச்சர் ஒரு நாள் வந்து பார்த்து, முதுகு காட்டிய டிவியைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "சத்தத்தையும் கொஞ்சம் குறைங்கம்மா. பிள்ளை காதுலயும் அதுவேதான விழுது?"

"கண்ணைப் புடுங்கினீங்க, குடுத்தோம். இப்போ காதா?" என்றாள் போசவ்வா. ஆனாலும் குறைத்தார்கள். டீச்சர் சொன்னது நியாயம் என்று சுமலதாவுக்குப் பட்டது.

டாக்டர் சொன்ன மற்றதையும் அவள் விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தட்டை மூடிவிட்டு, டிவியைத் திருப்பி, லாஸ்யாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பொம்மைப் படம் பார்ப்பாள். வாழ்க்கையில் அவள் கண்ணால் டிவி பார்த்தது அப்போதுதான். "இது கோழி, நம்ம போசவ்வா அத்தை மாதிரியே நடக்குது பாரு" என்பாள். படம் முடிந்ததும் டிவியைச் சுவர் பக்கம் திருப்பி அதன் முதுகில் தட்டுவாள். "டிவி பஜ்ஜோ." பிள்ளைகளிடம் தூங்குவதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முதல் சில நாள் லாஸ்யா அழுதாள். அப்புறம் அவளும் வந்து தட்டினாள். ஒரு நாள் சுமலதா தட்டுவதற்கு முன்பே, "பஜ்ஜோ" என்றாள்.

தெளிவாக. சுமலதா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அதற்கப்புறம் வார்த்தை வந்தது. இலை வந்தது, தண்ணீருக்கு நீள்ளு வந்தது, அத்தை வந்தது. அம்மா வந்த அன்றைக்குச் சுமலதா தெருவுக்கே வெல்லம் கொடுத்தாள். பாபு மட்டும் வரவில்லை. போன் படத்தைக் காட்டினால் பிள்ளை சிரிக்கும், படத்தை நக்கும், கூப்பிடாது. பதுகம்மாப் பாட்டு தெருவில் தொடங்கிவிட்டது. ஆவாரம்பூ வீடு வீடாகக் குவிந்தது. சுமலதா தூங்கப் போகும்போதும் போனை எடுத்து, "பா-பு" என்று காட்டினாள்.

தசராவுக்கு முந்தின நாள் மத்தியானம் கங்காராம் வந்து இறங்கினான். கறுத்திருந்தான். முன்னைவிட ஒல்லியாக இருந்தான். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு லாஸ்யாவுக்கு முன்னால் மண்டியிட்டான். பிள்ளை ஒரு பார்வை பார்த்தது. ஓடிப்போய் போசவ்வாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது.

"புது ஆளுடா. ஒரு நாள் குடு" என்றாள் போசவ்வா.

"ஆமா அக்கா. புது ஆளுதான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் கண்வரை எட்டவில்லை என்று சுமலதாவுக்குத் தெரிந்தது. குளித்தான், சாப்பிட்டான், கூடத்தில் உட்கார்ந்தான். பண்டிகைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டிய பீடி பாக்கி இருந்தது. சுமலதாவும் மற்றவர்களும் முற்றத்து ஓரமாகத் தட்டோடு உட்கார்ந்தார்கள். லாஸ்யா வாசற்படியில் நின்று அவனையே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கண் டிவியில் விழுந்தது.

"ஏய் சுமா! என்ன இது? வாத்தியார் மூலையில நிக்க வச்ச மாதிரி நிக்குது?"

"அது கதை பெரிசு. அப்புறம் சொல்றேன்யா."

அவனுக்கு மனசு கேட்கவில்லை. மஸ்கட்டில் மிச்சம் பிடித்து வாங்கிய டிவி. எழுந்து போய் ஸ்டாண்டைப் பிடித்துத் திருப்பினான். சுவிட்சைத் தேடினான்.

சுமலதா தலை குனிந்து இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. காது மட்டும் கேட்டது. சின்னக் காலடி, கூடத்துக்குள். ஸ்டாண்டின் பக்கம் போய் நின்றது. பிறகு அந்தக் குரல். மூக்கால் இழுத்து, போசவ்வா இழுக்கிற அதே இழுப்பில்.

"நான்னகாரூ!"

அடுத்து ஒரு தட்டல் சத்தம்.

"நான்னகாரூ. டிவி பஜ்ஜோ."

சுமலதா தலை நிமிர்ந்தாள். லாஸ்யா டிவியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். கங்காராம் சுவிட்சில் வைத்த கையோடு அப்படியே நின்றான். முற்றத்தில் மல்லிகா முதலில் வெடித்தாள். அப்புறம் எல்லாரும்.

"ஜமீன்தார் வந்துட்டாருய்யா!" என்று போசவ்வா கத்தினாள். "பங்களா எங்க நான்னகாரூ? குதிரை வண்டி எங்க?"

"இது உன் குரலாச்சே அக்கா" என்றான் கங்காராம். அவன் கண் நிறைந்திருந்தது. "நான் பாபுன்னு கேக்க வந்தேன். நீ என்னைப் பெரிய மனுஷன் ஆக்கிட்டியே!"

"சம்பளம் வாங்காத ஆயா இப்படித்தான் சொல்லிக் குடுப்பா. வேணும்னா நீயே உக்காந்து பாபு சொல்லிக் குடு. லீவு இருக்குல்ல?"

அவன் டிவியை மெல்லச் சுவர் பக்கம் திருப்பினான். முதுகில் ஒரு தட்டு தட்டினான். "பஜ்ஜோ" என்றான். லாஸ்யா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சரியாகத்தான் தட்டினான் போல. அவன் விரலைப் பிடித்து முற்றத்துக்கு, அண்டா இருந்த பக்கம், இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னைக்கு யார் முறை?" என்று கேட்டாள் மல்லிகா.

"அதோ போறாரே, அவரு முறை" என்றாள் சுமலதா. சொல்லிவிட்டு இலைமேல் குனிந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவள் சுற்றிய பீடிகளில் கொஞ்சம் கோணல்தான். கணக்குப்பிள்ளை ஏதாவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.